கல்லின் மௌனமும் கணினியின் விதியும்: திருமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கல்வெட்டு சில செய்திகளைச் சொல்கிறது. பல செய்திகளைச் சொல்லாமல் விடுகிறது. சொன்னதைப் படித்தறிவது கல்வெட்டியலின் பணி. சொல்லாததற்கு என்ன பொருள் கொள்வது என்பது அளவையியலின் வினா. அவ்வாறு கொண்ட பொருளால் ஒருவரது உரிமையை மறுக்கலாமா என்பது அறவியலின் வினா. இம்மூன்றும் நெடுங்காலமாக ஆய்வாளரின் மனத்துக்குள்ளேயே ஒருசேர நிகழ்ந்து வந்தன. கல்வெட்டுகளைக் குறிமொழியில் பதிந்து, அப்பதிவுகளின்மேல் தருக்க விதிகளை ஏற்றிக் கணினியைக் கொண்டே முடிவுகளை வருவிக்கும் முயற்சிகள் வளர்ந்துவரும் இக்காலத்தில், பின்னிரு வினாக்களுக்கும் விடையை யாரேனும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டியுள்ளது. ஒருமுறை எழுதப்பட்ட அவ்விடை ஆயிரம் கல்வெட்டுகளுக்கும் ஒரே தன்மையாய்ச் செயற்படும். அதனை எழுதியவர் யார் என்பதோ எளிதில் மறைந்துபோகும்.

கட்டமைந்த தரவுக் குறிமொழியையும் தருக்க விதிமொழியையும் இணைக்கும்போது எழும் இவ்வறச் சிக்கலைத் திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய இடங்களின் கல்வெட்டுகளையும், சித்தூரிலிருந்து நிர்வாகம் நடந்த காலத்து ஆவணங்களையும் சான்றாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ் அளவை மரபு இச்சிக்கலுக்குத் தரும் ஒளியும் ஈண்டு எடுத்துக்காட்டப்பெறுகிறது.

தரவுமொழியும் விதிமொழியும்

1998இல் வைய விரிவு வலைக் கூட்டமைப்பு எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. ஒரு பனுவலின் எப்பகுதி இடப்பெயர், எப்பகுதி ஆட்பெயர், எப்பகுதி நாள் என்பவற்றை அடையாளமிட்டுக் காட்டுவது இதன் பயன். 1999இல் வெளிவந்த ஆர்.டி.எஃப். என்னும் முறை ஒவ்வொரு செய்தியையும் மூன்று உறுப்புகளாகப் பகுத்தது. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். ‘சாமவை அளித்தாள் நிலம்’ என்பது போன்ற சிறு தொடர்களின் பெருந்தொகுதியே இத்தகைய தரவுத்தளம்.

தொடர்களைச் சேர்த்துவைத்தல் மட்டும் அறிவாகாது. ‘ஒருவர் ஒரு கட்டளையை ஏற்படுத்தினால் அவருக்கு ஒரு பங்கு உண்டு’ என்பது போன்ற ‘ஆனால் – ஆகும்’ யாப்புடைய விதிகள் இருந்தால்தான் பதியப்பட்டவற்றிலிருந்து பதியப்படாத ஒன்றை வருவிக்க இயலும். 1972இல் தோன்றிய புரோலாக் மொழி இத்தகைய விதிகளுக்கு முன்னோடி. இவ்வகை விதிகளை இணையத் தரவோடு பொருத்தும் நோக்குடன் ரூல்எம்எல் முயற்சி 2000இல் தொடங்கியது. 2004இல் ஓ.டபிள்யூ.எல். என்னும் பொருண்மை மொழி பரிந்துரையாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதனோடு விதிகளை இணைக்கும் எஸ்.டபிள்யூ.ஆர்.எல். முன்மொழியப்பட்டது. வெவ்வேறு விதிமொழிகள் தம்முள் பரிமாறிக்கொள்வதற்கான ஆர்.ஐ.எஃப். வடிவம் 2010இல் பரிந்துரையாயிற்று.

கல்வெட்டுத் துறைக்கெனப் பனுவல் குறியீட்டு முயற்சியின் நெறிகளைத் தழுவி எபிடாக் என்னும் குறிமுறை உருவாக்கப்பட்டது. 2019இல் தொடங்கிய தர்மா என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை இம்முறையில் பதிந்தது. தமிழ்க் கல்வெட்டுகளும் அதனுள் அடங்கும். எனவே இங்கு எழுப்பப்படும் வினா வெறும் கற்பனை வினா அன்று. தரவுப்பதிவு நடந்துவருகிறது, விதி ஏற்றுவது அடுத்த படி.

கல்வெட்டுக்குள் உறையும் விதி

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்வெட்டுத் தொகுதிகள் 1931 தொடங்கி வெளிவந்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வி. விஜயராகவாசாரியரும் இத்தொகுப்புப் பணியில் முதன்மையானவர்கள். இத்தொகுதிகளில் காணும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுள் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டின் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ் உரைநடையின் வரலாற்றுக்கும் இவை பெருஞ்சான்றுகளாகும்.

விசயநகரக் காலக் கல்வெட்டுகளின் பொதுவமைப்பு ஈண்டுக் கருதத்தக்கது. கொடையாளர் ஒரு தொகையைக் கோயில் பண்டாரத்தில் செலுத்துகிறார். தானத்தார் எனப்பெறும் கோயில் நிர்வாகத்தினர் அத்தொகையைக் கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய்ப் பணிகளுக்கு இட்டு, அதனால் பெருகும் விளைவைக் கொண்டு குறித்த அமுதுபடியை நடத்துவதாக ஒப்புகின்றனர். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. இதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். இப்பங்கைக் கொடையாளர் தாமே பெறலாம்; மரபினருக்கு விடலாம்; அடியார்க்கு உணவளிக்கும் இராமாநுச கூடத்துக்கு மாற்றியும் கொடுக்கலாம். சாளுவ நரசிம்மர் காலத்தில் கந்தாடை இராமாநுச அய்யங்காரின் பொறுப்பிலிருந்த இராமாநுச கூடங்கள் இவ்வாறு பயன்பெற்றன. இவ்வேற்பாடு ‘சந்திராதித்தவரை’, அதாவது நிலவும் கதிரும் உள்ளளவும், நிற்பதாகக் கல்லில் பொறிக்கப்பட்டது.

இவ்வமைப்பில் இரு கூறுகள் பிரித்தறியத்தக்கன. கொடையாளர் பெயர், தொகை, ஊர், நாள் ஆகியன நிகழ்ந்து முடிந்த செய்திகள், இவை தரவு. ‘அமுதுபடி நடந்தால் நாலில் ஒன்று விட்டவர்க்கு’ என்பது இனி நிகழ வேண்டியதை ஆளும் நெறி, இது விதி. ஆகவே தரவையும் விதியையும் ஒரே ஆவணத்தில் இணைத்தெழுதும் வழக்கம் கணினி அறிவியல் புதிதாகக் கண்டதன்று. அதனைத் திருமலைக் கோயிற்கணக்கர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கையாண்டனர் எனலாம். குறிமுறையாளர் கல்வெட்டின் தரவுக் கூறுகளை மட்டும் அடையாளமிட்டு, விதிக் கூற்றை வாளா ‘பனுவல்’ என விட்டுவிடுவராயின் ஆவணத்தின் உயிர்ப்பகுதி பதிவிலிருந்து நழுவிவிடும்.

பெயரும் ஆளும்

இணைப்பின் முதற்சிக்கல் பெயரில் தொடங்குகிறது. திருமலைக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் கோயிற்கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து என்ற ஒப்பம் காணப்படுகிறது. பல தலைமுறைக் கல்வெட்டுகளில் தொடர்ந்துவரும் இப்பெயர் ஒரு தனிமனிதரின் பெயர் அன்று. கணக்கர் மரபுக்குரிய பட்டம். ‘பெயர் ஒன்றாயின் ஆளும் ஒருவரே’ என்று விதி எழுதினால், நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்ந்த கணக்கர் ஒருவரைக் கணினி படைத்துவிடும்.

இதற்கு எதிர்நிலைச் சிக்கலும் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1513இல் திருமலைக்கு வந்து அளித்த கொடைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டன. ஒரே கொடை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதப்பட்டிருக்க, ‘கல்வெட்டு வேறாயின் கொடையும் வேறு’ எனும் விதி கொடைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும். புரோலாக் மரபைச் சார்ந்த விதிமொழிகள் வெவ்வேறு பெயர்களை வெவ்வேறு பொருள்களாகவே கொள்ளும்; ஓ.டபிள்யூ.எல். மரபோ, வேறென்று சொல்லப்படும்வரை இரு பெயர்கள் ஒரு பொருளையே குறிக்கக்கூடும் என்று விட்டுவைக்கும். இரண்டையும் ஒரே அமைப்பில் இணைக்கும்போது எந்நெறி மேலோங்குகிறது என்பதைப் பொறுத்து வரலாறே மாறித் தோன்றும்.

காலத்தைக் குறிப்பதிலும் இவ்வாறே. சாமவை என்னும் காடவன் பெருந்தேவி திருமலையில் வெள்ளித் திருமேனியை எழுந்தருளுவித்த நிகழ்வு பொ.ஆ. 966ஆம் ஆண்டினது எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. கல் கூறுவது மன்னரின் ஆட்சியாண்டை மட்டுமே. 966 என்பது ஆய்வாளர் வருவித்த முடிவு. கல்லின் சொல்லும் ஆய்வாளரின் முடிவும் தரவுத்தளத்தில் ஒரே வகைத் தொடராக அமர்ந்துவிட்டால், அம்முடிவின்மீது எழுப்பப்படும் அடுத்த முடிவுக்கு அடித்தளம் எது என்பது புலப்படாது.

கடவதும் நடந்ததும்

இரண்டாம் சிக்கல் வினைச்சொல்லில் உள்ளது. கொடைக் கல்வெட்டுகள் ‘நடத்தக் கடவது’, ‘பெறக் கடவர்’ என்னும் வாய்பாடுகளில் பேசுகின்றன. இவை நடந்ததைக் கூறும் இறந்தகால வினைமுற்றுகள் அல்ல. நடக்க வேண்டியதைக் கட்டளையாக நிறுவும் தொடர்கள். எஸ்.டபிள்யூ.ஆர்.எல். போன்ற விதிமொழிகளில் வருவிக்கப்படும் ஒவ்வொன்றும் ‘உண்மை’ என்ற ஒரே தகுதியைப் பெறுகிறது. ‘இன்னார் கட்டளை வைத்தார், வைத்தவர்க்கு நாலில் ஒன்று, ஆகவே இன்னார் நாலில் ஒன்று பெற்றார்’ என்று கணினி முடித்துவிடும். ‘பெறற்பாலர்’ என்பது ‘பெற்றார்’ ஆகத் திரிகிறது.

இத்திரிபு சிறிதன்று. ஒரு கட்டளை பின்னாளில் நின்றுபோயிருந்தால், அதனால் உரிமை இழந்தவர் ஒருவர் இருந்திருப்பார். ‘கடவது’ என்பதை ‘நடந்தது’ எனக் கொள்ளும் விதி அவ்விழப்பின் தடத்தையே அழித்துவிடுகிறது. வாக்குறுதி காக்கப்பட்டதா என்ற வினாவை எழுப்ப வேண்டுமாயின், வாக்குறுதியும் நிறைவேற்றமும் வெவ்வேறாகப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் திருப்பதிக் கோயில் தன்பால் வந்த தொகைகளைப் பாசனப் பணிகளில் ஈடுபடுத்திய பாங்கை விளக்கி, கோயிலின் பொருளியற் பணியை எடுத்துக்காட்டினார். அத்தகைய ஆய்வுகளைக் கணினிவழி விரித்துச் செய்வோர், கால்வாய் வெட்டுவதாக ஒப்பியதற்குக் கல்வெட்டு சான்றாவதையும், வெட்டியதற்கு வேறு சான்று வேண்டியிருப்பதையும் வேறுபடுத்தியே ஆகவேண்டும்.

கணினித் துறையும் இக்குறையை உணர்ந்துள்ளது. சட்ட ஆவணங்களுக்கென உருவான லீகல்ரூல்எம்எல் என்னும் விதிமொழி 2021இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. கடமை, இசைவு, விலக்கு ஆகியவற்றை உண்மைக் கூற்றிலிருந்து பிரித்துக் குறிக்க அதில் வழியுண்டு. ‘கடவது’ என்னும் ஒரு சொல்லால் நம் கல்வெட்டுகள் காத்துவந்த வேறுபாடு இது.

இன்மை அளவை

மூன்றாம் சிக்கலே இக்கட்டுரையின் நடுப்பொருள். தரவில் ஒன்று காணப்படாதபோது அதனை ‘இல்லை’ எனக் கொள்வதா, ‘தெரியவில்லை’ எனக் கொள்வதா? 1978இல் ரேமண்ட் ரைட்டர் ‘மூடிய உலகக் கொள்கை’யை வரையறுத்தார். அதன்படி, தரவிலிருந்து நிறுவ இயலாதது பொய். அவ்வாண்டிலேயே கீத் கிளார்க், நிறுவும் முயற்சி தோற்பதையே மறுப்பாகக் கொள்ளும் நெறியை விளக்கினார். புரோலாக் மரபு விதிமொழிகள் இந்நெறியில் இயங்குவன. இணையத் தரவுக்கென எழுந்த ஆர்.டி.எஃப்., ஓ.டபிள்யூ.எல். ஆகியவை ‘திறந்த உலகக் கொள்கை’யைத் தழுவியவை, ஒன்று சொல்லப்படாததால் அது பொய்யாகிவிடாது என்பது இவற்றின் நிலைப்பாடு. விதிமொழியையும் தரவுக் குறிமொழியையும் இணைப்பதில் உள்ள மெய்யான இடர்ப்பாடு, எழுத்து வடிவ வேறுபாட்டில் இல்லை. மௌனத்துக்கு இவ்விரண்டும் கொள்ளும் பொருள் வேறுபாட்டில் உள்ளது.

தமிழ் அளவை மரபுக்கு இது பழைய வினா. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஓரிடத்து ஒரு பொருள் இல்லை என அறிவது அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தைக் குறிப்பிட்டு, எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. அனுமானத்துக்குரிய ஏதுக்களுள் ஒன்றாக அனுபலத்தியையும் அந்நூல் கூறுகிறது. குளிர் இன்மை பனி இன்மையைக் காட்டும் என்பது அதற்குரிய எடுத்துக்காட்டு.

இவ்வெடுத்துக்காட்டின் நுட்பம் கூர்ந்து நோக்கத்தக்கது. பனி இருந்தால் குளிர் இருந்தே தீரும். ஆதலால்தான் குளிர் இன்மை சான்றாகிறது. இந்திய அளவையியலார் இதனைப் பொதுநிலையில் வைத்து, காணத்தக்க ஒன்று காணப்படாமையே இன்மைக்குச் சான்று என வரையறுத்தனர். விளக்கெரியும் அறையில் குடத்தைக் காணாமை குடம் இன்மையைக் காட்டும். இருளறையில் காணாமை எதனையும் காட்டாது. அதாவது, ‘அப்பொருள் இருந்திருப்பின் கண்டிருப்போம்’ என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடத்தில் மட்டுமே ‘காணவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகிறது. மூடிய உலகக் கொள்கை எல்லா அறைகளிலும் விளக்கு எரிவதாகக் கொள்கிறது. திறந்த உலகக் கொள்கை எந்த அறையிலும் விளக்கை நம்ப மறுக்கிறது. நம் அளவை மரபோ, ஒவ்வோர் அறையிலும் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது.

மௌனத்தின் வகைகள்

கல்வெட்டுகளில் இவ்வரையறையைப் பொருத்தினால் மௌனம் ஒருதன்மைத்தன்று என்பது புலனாகும். முதலாவது, கல்லின் மௌனம். கல் உடைந்தோ தேய்ந்தோ கட்டடத்துள் புதைந்தோ போனதால் எழுத்து மறைந்திருப்பது. தேவஸ்தானத் தொகுதிகளில் துண்டுக் கல்வெட்டுகள் பல உள்ளன. இரண்டாவது, வழக்கின் மௌனம். அக்காலத்தார் அனைவரும் அறிந்ததாகலின் எழுத வேண்டாதது. மூன்றாவது, மறுப்பின் மௌனம். எழுத இடமிருந்தும், எழுதத்தக்க சூழலிருந்தும், எழுதப்படாதது. இம்மூன்றனுள் இன்மைக்குச் சான்றாகத்தக்கது மூன்றாவது மட்டுமே.

ஒரு கொடைக் கல்வெட்டில் அமுதுபடிப் பட்டியல் முழுமையாக உள்ளது. அதன்கீழ் விழுக்காடு பெறுவோர் பெயர்ப் பகுதி சிதைந்துள்ளது என்று கொள்வோம். எபிடாக் முறை இச்சிதைவை மதிக்கிறது. எழுத்து அழிந்ததா, படிக்க இயலாததா, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதா என்பவற்றைத் தனித்தனிக் குறிகளால் காட்டவும், நிரப்பியவர் யார் என்பதைப் பொறிக்கவும் அதில் இடமுண்டு. இடையூறு அடுத்த படியில் நேர்கிறது. குறியிட்ட பனுவலிலிருந்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் தொடர்களைப் பிரித்தெடுக்கும்போது, இருப்பதே எடுக்கப்படும். இடைவெளியிலிருந்து எடுப்பதற்குத் தொடர் ஏதும் இல்லை. சிதைவுக்குறி பனுவலிலேயே தங்கிவிட, தரவுத்தளத்துக்கு வந்துசேரும் கல்வெட்டு சிதைவற்றதுபோலத் தோன்றுகிறது. அதன்மேல் மூடிய உலக விதி இயங்குமாயின், ‘இக்கட்டளைக்கு விழுக்காடு பெறுவோர் இலர்’ என்று முடிவு பிறக்கும். கல்லின் மௌனம் மறுப்பின் மௌனமாக மாற்றப்பட்டுவிடுகிறது. கல்லை உடைத்தது காலம். உரிமையை மறுத்தது விதி.

இத்தகைய முடிவால் மிகுதியும் இழப்பவர், சான்றுகளில் ஏற்கெனவே குறைவாக இடம்பெற்றோர் ஆவர். அரசர்களும் தளவாய்களும் நூறு கல்வெட்டுகளில் வருவதால் ஒன்றிரண்டின் சிதைவு அவர்களைப் பாதிப்பதில்லை. ஒரே ஒரு கல்வெட்டில் வரும் எம்பெருமானடியார் ஒருவருக்கோ, பெயர் சுட்டப்படாத உழவர்குடிக்கோ, அக்கல்லின் உடைந்த மூலையே அவர்தம் முழு வரலாறாக இருந்திருக்கலாம். ஆகவே ‘சான்றில்லை’ என்பதைச் ‘சான்றால் இல்லை’ எனத் திரிக்கும் விதி எல்லோர்க்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. வெறும் அளவைப்பிழையாக நின்றிருக்க வேண்டியதை அறப்பிழையாக ஆக்குவது இவ்வேற்றத்தாழ்வே எனலாம்.

1803ஆம் ஆண்டு அட்டவணையும் 1821ஆம் ஆண்டு விதிகளும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1801இல் திருப்பதிப் பகுதியின் ஆட்சியைப் பெற்றனர். 1803இல் சித்தூரிலிருந்த கலெக்டர் கோயிலின் பூசைகள், செலவினங்கள், நிலங்களின் பரப்பு ஆகியவற்றை அட்டவணைகளாக்கி வருவாய் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பினார். 1821இல் ‘புரூஸ் விதித்தொகுப்பு’ எனப்பெறும் 42 விதிகள் கோயில் நிர்வாகத்துக்கென வகுக்கப்பட்டன. இன்றைய சொல்லாட்சியில் முன்னது கட்டமைந்த தரவு, பின்னது விதித்தொகுதி.

புரூஸ் விதிகள் முந்தைய வழக்காறுகளை அடியொற்றி அமைந்தவை. விதி வழக்கத்தைச் சுட்டுகிறது. வழக்கமோ அட்டவணையில் முழுமையாக அடங்குவதில்லை. ‘மாமூல்’ என்னும் ஒரு சொல்லுக்குள் எழுதப்படாத நூறு செய்திகள் உள்ளன. முன்னர்க் கூறிய வழக்கின் மௌனம் இதுவே. ‘அட்டவணையில் உள்ளதே வழக்கம்’ என்று ஒருவர் கொள்வாராயின், கலெக்டருக்குச் சொல்லப்படாத பணியும் பங்கும் வழக்கத்திலிருந்தே நீங்கிவிடும். தரவைத் திரட்டிய அதிகாரிக்கு எவை கண்ணில் பட்டன, எவை படவில்லை என்பதைப் பதிவே சொல்லாது. பதிவைப் படிப்பவர் கேட்டாக வேண்டும்.

விதிகள் காலத்துக்கு உட்பட்டவை என்பதும் இங்குக் கருதத்தக்கது. ‘சந்திராதித்தவரை’ எனக் கல் உறுதி கூறினும், நிர்வாகம் 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. 1933இல் தேவஸ்தானக் குழுவின் கைக்கு வந்தது. 1987ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டம் அர்ச்சகர், மிராசுதார் ஆகியோரின் பரம்பரை உரிமைகளை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1996இல் அச்சட்டத்தை உறுதிசெய்தது. முன்னை முடிவைப் பின்னை விதி தள்ளுவது சட்டத்தின் இயல்பு. புதிய செய்தி சேர்வதால் பழைய முடிவு நீங்காது என்னும் அடிப்படையில் அமைந்த விதிமொழிகளுக்கு இஃது ஒவ்வாது. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்பதும், கூறியன ஒழிந்தவற்றைப் புறனடையால் தழுவிக்கொள்வது என்பதும் தொல்காப்பியம் முதலாகத் தமிழ் இலக்கண நூல்கள் பயின்றுவரும் நெறிகள். இவை போன்ற விதிகளைத் தருக்கமாக வடிக்க ரைட்டர் 1980இல் இயல்புநிலைத் தருக்கத்தை முன்வைத்தார்.

இடப்பெயர்க் குறியீடும் இவ்வாறே காலம் வேண்டி நிற்கிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்தது. அதிலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பழைய அறிக்கை ஒன்று ‘சித்தூர் மாவட்டம்’ எனக் குறித்த திருத்தணிக் கல்வெட்டை, ‘சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தது’ என்னும் விதி ஆந்திரக் கல்வெட்டாக எண்ணிவிடும். தொண்டைமண்டலம் என்னும் ஒரே நிலப்பரப்பின் சான்றுகள், எழுதப்பட்ட காலத்தில் இல்லாத எல்லைகளால் பிளவுபடுகின்றன.

ஓர் எதிர்வாதம்

இதற்கு எதிராக ஒரு வாதம் எழுப்பப்படலாம். மௌனத்திலிருந்து எதனையும் வருவிக்கக் கூடாதெனின் வரலாறே எழுத இயலாது. எத்தனை கொடைகள், எந்நூற்றாண்டில் மிகுதி, எவ்வகையினர் குறைவு என்னும் கணக்குகள் யாவும், திரட்டப்பட்ட தொகுதி ஓரளவு நிறைவானது என்ற கொள்கையின்மேல் நிற்பவை. முழுமையான சான்று என்பது எக்காலத்தும் கிட்டாது. அதுவரை ஆய்வாளர் வாளாவிருத்தல் வேண்டுமோ?

இவ்வாதம் வலியுடையது. எல்லா வினாவுக்கும் ‘தெரியவில்லை’ என்று விடை தரும் அமைப்பு நேர்மையானதாயினும் பயனற்றது. அன்றியும், மௌனத்திலிருந்து முடிவு காண மறுப்பதும் ஒருவகையில் தீங்காகலாம். ஓர் உரிமை வழங்கப்படவே இல்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘வழங்கப்பட்டிருக்கலாம்’ என்று மழுப்புவதற்கு அது துணைபோகும். எனவே தேவைப்படுவது மௌனத்தின்மீது தீர்ப்பு வழங்காமை அன்று. தீர்ப்பின் அடிப்படையை வெளிப்படுத்துவதே ஆகும். ஒரு தொகுதியின் எப்பகுதி நிறைவானது, எவ்வகைச் செய்திக்கு நிறைவானது என்பதை ஆய்வாளர் அறிவித்து, அவ்வெல்லைக்குள் மட்டும் மூடிய உலக விதியை இயக்கலாம். சிதைவற்ற கல்வெட்டின் அமுதுபடிப் பட்டியலில் ஒரு பண்டம் இல்லையெனில் அது அக்கட்டளையில் இல்லை எனத் துணியலாம். அங்கு விளக்கு எரிகிறது. விழுக்காட்டுப் பகுதி உடைந்த கல்லில் அவ்வாறு துணிதல் ஆகாது. இவ்வேறுபாட்டை அறிவது கணினியின் இயல்பன்று. அறிந்தவர் எழுதிவைத்தால் அதனைப் பின்பற்றுவது கணினிக்கு எளிது.

மற்றொரு வினா, பிழையான முடிவுக்குப் பொறுப்பாளர் யார் என்பது. விதியை எழுதியவர் தரவைச் சுட்டுவார். தரவைப் பதிந்தவர் பதிப்பைச் சுட்டுவார். பதிப்பாசிரியர் கல்லைச் சுட்டுவார். இச்சங்கிலியில் பொறுப்பு கரைந்துபோகிறது. உரை அளவையைப் பொறுத்தவரை, சொல்லின் வலிமை சொன்னவரின் தகுதியைச் சார்ந்தது என்பது அளவையியலார் பலர்க்கும் உடன்பாடு. சொன்னவர் யாரென அறியப்படாத உரை அளவையாகாது. திருமலையின் கொடைச் சாசனங்கள் ‘எழுத்து’ என்னும் ஒப்பத்தோடு முடிவதன் பொருத்தப்பாடு இதனால் தெளிவாகும். வாக்கு எவ்வளவு நெடியதாயினும், அதனை எழுதியவர் இன்னார் என்பது இறுதியில் நின்றாக வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. கொடைக் கல்வெட்டு தரவும் விதியும் ஒருங்கே அமைந்த ஆவணம். அதன் விதிக் கூற்றையும் தனியே குறியிட்டாலன்றிப் பதிவு முழுமை பெறாது.

2. ‘கடவது’ என்னும் கட்டளையை ‘நடந்தது’ என்னும் செய்தியாக வருவிக்கும் விதி, நிறைவேறாத வாக்குறுதிகளை மறைத்துவிடும். கடமையையும் நிகழ்வையும் பிரித்துக் குறிக்கும் விதிமொழியே கல்வெட்டுகளுக்கு ஏற்றது.

3. காணத்தக்கது காணப்படாதபோதே இன்மை துணியப்படும் என்னும் அளவை மரபின் வரையறை, மூடிய உலகக் கொள்கைக்கும் திறந்த உலகக் கொள்கைக்கும் இடையே ஏற்கத்தக்க நெறியாக அமைகிறது. இதனைச் செயற்படுத்த, பனுவலின் சிதைவுக்குறிகள் தரவுத் தொடர்களுக்கும் கடத்தப்பெறல் வேண்டும்.

4. பெயர், இடம், நாள் ஆகியவற்றில் கல் கூறுவதும் ஆய்வாளர் வருவித்ததும் வேறுபடுத்தப்பெறல் வேண்டும். விதிகளுக்குக் கால எல்லை குறிக்கப்பெறல் வேண்டும்.

5. பாடத்தை நிரப்பிய பதிப்பாசிரியரின் பெயர் குறிக்கப்படுவதுபோல, விதியை எழுதியவரின் பெயரும், அவர் கொண்ட அடிப்படையும் விதியோடு இணைத்துப் பதியப்பெறல் வேண்டும்.

தமிழ்க் கல்வெட்டுகளைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பணியில் தமிழ்த்துறையினர் எழுத்துப் பெயர்ப்பாளராக மட்டும் அமைந்துவிடலாகாது. உடைந்த கல் எதனைச் சொல்லவில்லை என்பதையும், அது சொல்லாதது ஏன் என்பதையும் அறியும் பயிற்சி அவர்களிடமே உள்ளது. விதி எழுதப்படும் இடத்தில் அப்பயிற்சி உடனிராவிடின், கல்லில் எஞ்சியிருக்கும் உரிமைகள் கணினியில் எஞ்சா.